நைனாவுக்குப் பூர்வீகம் எது?

1

ஊரிலிருந்து போன் செய்கிற நண்பர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள். ஜெர்மனியில் உனக்கு இன்னா கஷ்டம்? குளிர் என்றால், இன்னொரு ஸ்வெட்டர் வாங்கு என்கிறார்கள். வரி என்றால், வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வருகிறதே என்று எனக்குப் பதிலாக அவர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள். ஆகவே என் உண்மையான கஷ்டத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். என் கஷ்டம் இரண்டே எழுத்து. நைனா.

நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை நகரம். வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. சனிக்கிழமை காலையில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் இங்குள்ள தமிழ்ச் சங்கம் பள்ளிக்கூடம் நடத்துகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் பள்ளிக்கூடம் என்று யார் கூப்பிட்டாலும் போய்விடுவேன். இரண்டாம் வகுப்புக்கு நான்தான் ஆசிரியர். பிள்ளைகள் "அணில்" என்பதைப் பார்த்து எழுதிவிட்டு, அணிலைப் பற்றித் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது. சங்கத் தலைவரின் பாராட்டு உண்டு.

அன்று வகுப்பு நடுவில் போன் அடித்தது. ஊரில் முதல் ஷிப்ட் முடிந்து அப்பா கூப்பிடுகிற நேரம். எடுத்து, "நைனா, கிளாஸ்ல கீறேன், அப்பால பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எட்டு சொல் கூட இல்லை. ஆனால் அறையின் பின்வரிசையில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோர் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். சங்கத் தலைவரும் அங்கேதான் இருந்தார்.

வகுப்பு முடிந்ததும் தோளில் கை போட்டுக் கேட்டார். "தம்பி, வீட்டில் தெலுங்கோ?"

"இல்லைங்க ஐயா. தமிழ்தான்."

"அப்படியா" என்றார். அந்த "அப்படியா" கொஞ்சம் நீளமாக இருந்தது. அதற்குள் ஒரு அலமாரி திறந்து, என் பெயர் எழுதிய கோப்பு வெளியே எடுக்கப்படும் சத்தம் எனக்குக் கேட்டது.

சாதாரண நாளாக இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் தலைவரின் ஒரே மகள் யாழினியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். அவள் வீட்டில் சொல்லியாகிவிட்டது. அடுத்த மாத முதல் ஞாயிறு என் பெற்றோரை வீடியோவில் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார். யாழினி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "அவர் வேண்டாம்னு சொன்னா நான் உன்னை விட மாட்டேன். ஆனா அவர் சரின்னு சொல்றதைக் கேட்கணும்னு எனக்கு ஆசை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவள் ஆசை எனக்கும் ஆசையாகிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் போன் அடித்தது.

2

எங்கள் ஊரான எளாவூரில் ரயில் ஏறினால் அடுத்தது ஆரம்பாக்கம், அதற்கடுத்தது தடா. தடாவில் பெயர்ப்பலகை மாறிவிடும். தெலுங்கு எங்களுக்கு அவ்வளவு தூரம்தான், இரண்டு ஸ்டேஷன். இடையில் மலையோ கடலோ இல்லை. லாரிகள் நிற்கும் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அது சரக்கைத்தான் நிறுத்தும், சொல்லை நிறுத்தியதில்லை.

எங்கள் தெருவில் அப்பாவை நைனா என்பார்கள். பக்கத்து வீட்டில் அப்பா என்பார்கள். இரண்டு வீட்டிலும் அடி ஒரே மாதிரிதான் விழும். நண்பனையும் நைனா என்போம், டீக்கடைக்காரரையும் "இன்னா நைனா" என்போம். அப்பாவும் மனது நன்றாக இருக்கும் நாளில் என்னையே நைனா என்று கூப்பிடுவார். யார் யாருக்கு அப்பா என்ற குழப்பம் எங்களுக்கு வந்ததே இல்லை.

மூன்றாவது படிக்கும்போது "என் தந்தை" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். வாத்தியார் நைனாவை அடித்து, மேலே அப்பா என்று சிவப்பில் எழுதினார். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா அப்போதுதான் கழனி வேலையை விட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் காண்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். சிவப்பு மையை உற்றுப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல நான் அப்பா, ஊட்ல நைனா. ரெண்டு ஆளு சம்பளமா குடுக்கப் போறான்? வுடு" என்றார். விட்டுவிட்டேன். விட்டது பின்னால் வந்து தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் பிடித்துக்கொண்டது.

3

என் வேலையில் ஒரு சக்கரம் பழுதாகி வந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலைப் பார்த்து மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் மூலக் காரணம் வந்துவிடும் என்பது ஜெர்மானியர்களின் நம்பிக்கை. நானும் அந்த வாரம் முழுக்க மதிய உணவு நேரத்தில் நைனாவை அப்படித் தோண்டினேன். தலைவர் வேர்ச்சொல் பிரியர். தினமும் காலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தூய தமிழ்ச் சொல் அனுப்புவார். அந்த வாரம் ஒருநாள் வந்த சொல் காலையுணவு. அடைப்புக்குறிக்குள், நாஷ்டா என்று சொல்லற்க. எளாவூரில் காலையுணவு கேட்டால் கடைக்காரர் பயந்துவிடுவார் என்று எழுத நினைத்து, கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

தோண்டியதில் வந்தவை இவை. தெலுங்கில் நாயனா என்றால் அப்பா. பெரியவர்கள் சின்னப் பையனைக் கொஞ்சும்போதும் அதே நாயனா. அதாவது எங்கள் அப்பா தெலுங்கு தெரியாமலே தெலுங்கு முறைப்படி என்னைக் கொஞ்சியிருக்கிறார். தமிழில் நாயன் என்றால் தலைவன், இறைவன். சிவனடியார்கள் பெயருக்குப் பின்னால் வரும் நாயனாரும் அவர்தான். தமிழ்ச் சமணர்களில் நயினார் என்ற பட்டம் உண்டு. தெற்கே கடலோரத்து முஸ்லிம்கள் பெயரில் நைனாவும் நெய்னாவும் உண்டு. ஆக சைவம், சமணம், இஸ்லாம் மூன்றும் இந்தச் சொல்லைத் தலையில் தூக்கி வைத்திருக்கின்றன. எங்கள் தெரு மட்டும்தான் அதை டீக்கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறது.

இந்தியில் நைனா என்றால் கண்கள். அப்பாவோடு ஆலையில் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவரின் மகள் பெயர் நைனா. அதைக் கேட்டுவிட்டு அப்பா ஒருநாள் ஆச்சரியமாகச் சொன்னார், பெற்ற பெண்ணுக்கே அப்பான்னு பேர் வைத்திருக்கிறான், பாசக்காரன் என்று. கண் என்று நான் விளக்கியதும், அதுவும் சரிதான் என்றார். வடமொழியில் கண்ணுக்கும் தலைவனுக்கும் வேர் ஒன்று, வழிநடத்துவது என்று பொருள் என்கிறார்கள் சிலர். நம் நாயனும் அதே வேர்தான் என்கிறார்கள். இல்லவே இல்லை, அது தனி வேர் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் கோபமாக எழுதியிருக்கிறார்கள். ஜெர்மானியர்களின் ஏன் அங்கே நின்றுவிட்டது.

கசகஸ்தானிலிருந்து வந்து என் பக்கத்து மேஜையில் உட்காரும் விக்டரிடம் கேட்டேன். ரஷ்யாவில் நைனா என்று பெண்களுக்குப் பெயர் உண்டாம். அவனுடைய கணக்கு டீச்சர் ஒரு நைனா, பயங்கரமானவர் என்றான். ஜெர்மனியைப் பற்றித் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. இங்கே நைன் என்றால் இல்லை, கூடாது. வந்த புதிதில் அரசு அலுவலகங்களில் அதிகம் கேட்ட சொல்லும் அதுதான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

இவ்வளவையும் மனதில் அடுக்கி வைத்துக்கொண்டேன். தலைவர் நைனாவின் வேரைக் கேட்டால் ஏழு திசையிலிருந்தும் பதில் சொல்லத் தயார். சொல்லின் வேரைத்தான் அவர் கேட்கிறார் என்று நான் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன். படித்தவனுக்கு வரும் வியாதிகளில் இது ஒன்று.

4

ஊரில் என் தங்கை செல்வி, ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்கு பார்க்கிறாள். வீடியோ பேச்சுக்கு வீட்டைத் தயார் செய்யும் பொறுப்பு அவளிடம் இருந்தது. ஆனால் அவளை முந்திக்கொண்டு அப்பா எல்லாவற்றையும் கையில் எடுத்துவிட்டார். ஏனென்றால் இது அவருக்குத் தெரிந்த வேலை. இது ஆடிட்.

சிப்காட் பக்கம் இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருவது ஆடிட். அதற்கு ஒரு வாரம் முன்பே தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார்கள். மஞ்சள் கோடு போடுவார்கள். எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்து, சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். காண்ட்ராக்ட் ஆட்களில் பார்ப்பதற்கு மிக ஒல்லியாக இருப்பவர்களுக்கு அன்று லீவு. மீதியிருப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததைச் சொன்னவன் மாட்டிக்கொள்வான். நான் இப்போது ஜெர்மனியிலிருந்து போய் அதே ஆடிட்டை மற்ற ஊர்களில் செய்கிறேன். புதுக் கையுறையைப் பார்த்தால் புன்னகைத்துவிட்டுக் குறித்துக்கொள்வேன்.

அப்பா முன்கட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார். ஃபேனைத் துடைத்தார். கொடியில் தொங்கிய துணிகளுக்கு லீவு கொடுத்தார். செல்வி அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். பெரிய பிரச்சினை யாழினியின் பெயர். எங்கள் பக்கத்தில் ழகரத்துக்கு இடம் கிடையாது. வாழைப்பழம் எங்களுக்கு வாயப்பயம். அப்பா நாள் முழுக்க முயன்று யாயினி வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

செல்வி போனில் சொன்னாள். "அண்ணா, நைனா மெஷின் ஓட்டறப்போ கூட பேர சொல்லிப் பாத்துகினே கீது. பக்கத்து ஆளுங்க யாரு அது யாயினின்னு கேக்கறாங்களாம். அம்மாக்கு வேற சந்தேகம்."

இதை யாழினியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டாள். அவளுக்கும் அந்த எழுத்து வராது. தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்று தலைவர் தேடித் தேடி வைத்த பெயரை, அதற்குச் சொந்தக்காரி யாலினி என்றுதான் சொல்கிறாள். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு இதற்காகவே மூன்று வருடம் பயிற்சி கொடுத்தார்களாம். நாக்கு மசியவில்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தலைவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். "குளம்பி அருந்துகிறீர்களா தம்பி?" என்று கேட்டார். காபி வந்தது. டிவியில் எங்கள் வீடு தெரிந்தது. வெள்ளைச் சுவர். அதன் முன்னால் அம்மாவும் அப்பாவும் இரண்டு நாற்காலியில், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவர்கள் போல. அப்பா முழுக்கைச் சட்டையில், மணிக்கட்டு பொத்தானையும் போட்டிருந்தார். செல்வி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் கைகூப்பினார். அப்பாவும் கைகூப்பினார். மழை, வெயில், உடல்நலம் எல்லாம் ஆயிற்று. பிறகு தலைவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஐயாவுக்குப் பூர்வீகம் எது?"

"எளாவூரு சார்."

"அதற்கு முன்னால்?"

அப்பா யோசித்தார். விதி அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "அதுக்கு மின்னாடியும் எளாவூருதான் சார்."

"நிலம் நீச்சு உண்டோ?"

"நெலத்துல வேல செஞ்சோம் சார். இப்ப கம்பெனி."

தலைவரின் மனைவி முதல் முறையாக வாய் திறந்தார். யாருடைய நிலம் என்றார்.

"நெலத்துக்காரரோடது மா."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா பதிலை நகைச்சுவையாகச் சொல்லவும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான். யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்து, கிரிக்கெட் தெரியாதவர் கிரிக்கெட் பார்ப்பதுபோல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குலதெய்வம் கேட்டார்கள். எந்தப் பக்கத்துக் கோவில் என்று கேட்டார்கள். ஊருக்குள்ளா, வெளியிலா என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கொடுத்தார். சாதி என்ற சொல் அந்த அறையில் ஒரு தடவை கூட வரவில்லை. தலைவர் சாதி பார்க்காதவர். சங்க ஆண்டுவிழாவில் மூன்று முறை மேடையிலேயே சொல்லியிருக்கிறார். அவர் ஊர் பார்ப்பார், தெரு பார்ப்பார், நிலம் பார்ப்பார், சாமி பார்ப்பார். மிச்சம் என்ன இருக்கிறதோ அதைப் பார்க்க மாட்டார்.

கடைசியாக வேர்ச்சொல்லுக்கு வந்தார். "தம்பி உங்களை நைனா என்கிறார். அது தெலுங்காயிற்றே. தெலுங்கில் யார்?"

நான் ஏழு திசையையும் அவிழ்க்க வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"தெலுங்கா சார் அது? எனக்குத் தெரியாது. அவன் கூப்புடுவான், நான் திரும்பிப் பாப்பேன். அவ்ளோதான் நமக்குத் தெரிஞ்சது."

அந்த நேரம் பார்த்து யாழினி, "பாப்பா, காபி இன்னும் வேணுமா?" என்று தலைவரைப் பார்த்துக் கேட்டாள். இங்கு பிறந்த பிள்ளைகள் அப்பாவை ஜெர்மன் வழக்கப்படி அப்படித்தான் கூப்பிடுவார்கள். டிவிக்குள் அம்மா கண்ணை விரித்து, நரைத்த மீசையோடு இருந்த பாப்பாவைப் பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தலைவர் அம்மாவைக் கவனித்துவிட்டார். அது ஜெர்மன், இருக்கிற நாட்டு மொழியை மதிக்க வேண்டும் என்று விளக்கினார். எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. தெலுங்கு எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் ஐயா, ஜெர்மன் உங்களுக்கு எத்தனை ஸ்டேஷன் என்று. காபியைக் குடித்தேன்.

பேச்சு முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். "பாஸா?" என்றார். இன்னும் தெரியாது என்றேன். "ஒண்ணும் கேக்காதத சொல்லலியே?" என்றார். இல்லை நைனா என்றேன். சட்டையைக் கழற்றலாமா என்று கேட்டார்.

6

முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. என் வாழ்வில் நான் படித்ததிலேயே மிகத் தூய்மையான தமிழ் அது. இரு குடும்பத்தாரின் மொழிச்சூழலும் வாழ்வியலும் வெவ்வேறு தளங்களில் அமைந்துள்ளமையால், இத்திருமணத்தைப் பற்றி மீளாய்வு செய்வது இருவர் நலனுக்கும் உகந்தது என்று கருதுகிறாராம். என் தமிழ்ப் பணி தொடர வேண்டுமாம். பிழை ஒன்று கூட இல்லை. தேடிப் பார்த்தேன், என் வேலை அது.

யாழினிக்கும் அதே செய்தி, ஒரே வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு. அவள் போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பாதி சொற்கள் புரியவில்லை.

"தளம்னா மாடிதானே? உங்க வீடு எந்த மாடி?"

"தரைத்தளம்" என்றேன்.

அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. முழுவதையும் விளக்கச் சொன்னாள். வரிவரியாகச் சொன்னேன். பூர்வீகம் என்று கேட்டால் உண்மையில் என்ன கேட்கிறார்கள், நிலம் உண்டா என்று கேட்டால் என்ன, கோவில் ஊருக்கு வெளியிலா என்று கேட்டால் என்ன, தெலுங்கில் யார் என்றால் என்ன. அவள் இங்கே வளர்ந்தவள். இந்தக் கேள்விகளை எல்லாம் கிழவர்கள் ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. சங்கத்தில் யார் யார் புதிதாக வந்தவர்களிடம் இதையெல்லாம் கேட்பார்கள் என்று அவளே பெயர் சொல்ல ஆரம்பித்தாள். அவர்களில் தானும் ஒருத்தி என்றாள். போன வருடம் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம், பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று, உங்கள் பூர்வீகம் எது என்று இவளும் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் மறுபடி வகுப்புக்கு வரவே இல்லையாம்.

அன்று வீட்டுக்குப் போய் அவள் தன் அப்பாவிடம் ஜெர்மனில் கேட்டாள். வேண்டுமென்றேதான் ஜெர்மனில். நடந்ததை மறுநாள் சொன்னாள். தலைவருக்கு அருமையான ஜெர்மன். முப்பது வருடமாக அதில் சம்பளம் வாங்குகிறார். ஆனால் அந்த மொழியில் பூர்வீகம் என்றால் வெறும் ஊர்தான், தளம் என்றால் வெறும் மாடிதான். மறைத்துப் பேச அதில் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. வாக்கியத்தை மூன்று முறை ஆரம்பித்தாராம். மூன்று முறையும் வினைச்சொல் வருவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டாராம். கடைசியில் தமிழுக்குத் தாவி, "நான் பார்க்கலம்மா, ஊர்ல சொந்தக்காரங்க பார்ப்பாங்க" என்றாராம். தூய தமிழ் கூட இல்லை.

"அவங்க வரலன்னா மண்டபம் சின்னது போதும்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

இதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சரி என்று சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டவள் அவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆடிட் விதி இப்படிப்பட்ட நேரத்துக்கும் உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.

7

பதிவுத் திருமணத்துக்கு இங்கே வாங்கவேண்டிய காகிதங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். எனக்கு ஏற்கனவே ஊரில் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். நடக்காத ஒன்று நடக்கவில்லை என்று கும்மிடிப்பூண்டியில் யார் எழுதிக் கொடுப்பார்கள் என்று செல்வி ஒரு மாதம் அலைந்தாள். கிடைத்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை திருமணப் பதிவு அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் நேரம் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மையார் காகிதங்களை ஒவ்வொன்றாக ஒளியில் காட்டிப் பார்த்தார். பிறகு நாங்கள் யோசித்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார். திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பெயர் என்ன?

நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர்தான் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருக்கிறது. என் அப்பாவின் பெயர் முனுசாமி. யாழினிக்கு அந்த இடத்தில் தலைவரின் பெயர். அவரவர் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டில் ஒன்றை இருவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மையார் பொறுமையாக விளக்கினார். வைத்துக்கொள்கிறோம் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். யாழினி என்னைப் பார்க்கவில்லை.

"முனுசாமி" என்றாள்.

எப்படி எழுதுவது என்று கேட்டார் அம்மையார். இந்த ஊரில் ஒரு பெயரை எழுத்துக் கூட்டினால், ஒவ்வொரு எழுத்துக்கும் அவர்களுக்குப் பழக்கமான ஒரு சொல்லைத் துணைக்குச் சொல்ல வேண்டும். மார்த்தாவின் எம், உல்ரிஷின் உ, நோர்ட்போலின் என், மறுபடி உல்ரிஷ், ஸாமுவேலின் எஸ், ஆன்டனின் ஆ, மறுபடி மார்த்தா, கடைசியில் ஒய்க்கு இப்ஸிலோன். அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அந்தப் பெயரில் அவளால் சொல்ல முடியாத எழுத்து ஒன்றும் இல்லை.

வெளியே வந்து ஊருக்குப் போன் போட்டேன். அப்பா ஆலை கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தார். ஷிப்ட் முடிந்து ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"என் பேரையா?"

"ஆமா."

"அவங்க அப்பா பேரு இன்னா ஆச்சு?"

"அது அவர்கிட்டயே இருக்குது நைனா."

"உங்கம்மா இத்தினி வருசத்துல என் பேர ஒரு தபா சொன்னதில்ல. ரேஷன் கடைல கேட்டாக்கூட உன்னதான் சொல்லச் சொல்லும். இந்தப் பொண்ணு கவர்மெண்ட் ஆபீஸ்ல போயி சொல்லிச்சா?"

"எழுத்து எழுத்தா சொன்னா."

பிறகு, பெண் நன்றாக யோசித்துத்தான் சொன்னதா, பின்னால் அவர்கள் வீட்டில் பேஜாராகிவிடாதா என்று கேட்டார். ஏற்கனவே ஆகிவிட்டது என்றேன். அப்படியானால் சரி என்றார்.

"போன அதுங்கிட்ட குடு."

யாழினி வாங்கிக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாயினி மா" என்றார் அப்பா. "எப்டி சொன்ன என் பேர? சொல்லு."

அவள் சொன்னாள். மார்த்தா, உல்ரிஷ், நோர்ட்போல், உல்ரிஷ், ஸாமுவேல், ஆன்டன், மார்த்தா, இப்ஸிலோன்.

"இத்தினி பேரு சேர்ந்தாதான் நானா?" என்றார்.

யாழினி சிரித்தாள்.

"இரு மா, வெச்சிடாத. இங்க செட்டு ஆளுங்க எல்லாம் கீறாங்க, நானும் ஸ்பீக்கர்ல போடறேன்" என்றார். போன் கை மாறும் சத்தம் கேட்டது. யாரையோ சைக்கிளை எடுக்காமல் நிற்கச் சொன்னார். "டேய், வண்டிய ஆஃப் பண்ணு. கேளு." பிறகு போனுக்கு அருகில் வந்தார். "ம். இன்னொரு தபா சொல்லு மா. மெதுவா."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.